கட்டிவைத்த பசுவும் கதைப்பின்னலும்: மாணவர் சிறுகதைகள் குறித்து ஆசிரியருக்கு ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் பத்திரிகையின் ஞாயிறு வெளியீட்டில் வரும் சிறுகதைகளையும் மாணவர் பக்கத்தில் இடம்பெறும் ஆக்கங்களையும் பல ஆண்டுகளாகத் தவறாது வாசித்து வருபவள் நான். வன்னியின் பல பாடசாலைகளில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற பின்னர், ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள எங்கள் ஊர் வாசிகசாலையில் சனிக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைச் சேர்த்துவைத்துக் கதை வாசிப்பதையும் கதை எழுதப் பழக்குவதையும் ஒரு கடமையாகச் செய்து வருகிறேன். அவர்களுள் தரம் 11 இல் படிக்கும் ஒரு மாணவி எழுதிய சிறுகதை அண்மையில் ஒரு போட்டிக்கு அனுப்பப்பட்டது. அது பரிசு பெறாதது பற்றி எனக்குக் கவலையில்லை. ஆனால் நடுவர் குறிப்பாக அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த மூன்று வரிகள் என்னைப் பல நாட்கள் உறங்கவிடவில்லை. “கதையில் உச்சக்கட்டம் இல்லை. போரின் கொடுமை போதியளவு வெளிப்படவில்லை. வாசகருக்கான படிப்பினை கூறப்படவில்லை.” இவைதான் அந்த வரிகள். எங்கள் பிள்ளைகளுக்குச் சிறுகதை என்றால் என்னவென்று நாம் எதைச் சொல்லிக் கொடுத்து வருகிறோம் என்பதை இந்த மூன்று வரிகள் வெளிச்சம்போட்டுக் காட்டுகின்றன. ஆகவே அந்தக் கதையையே முன்வைத்துக் கதைப்பின்னல், பாத்திரப் படைப்பு ஆகிய இரண்டையும் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதி வேண்டுகிறேன்.

முதலில் அந்தக் கதை எப்படி உருவாயிற்று என்பதைச் சொல்ல வேண்டும். அந்த மாணவி முதலில் கொண்டுவந்து தந்தது ஆறு பக்கக் கொப்பித்தாள். அவளுடைய அம்மம்மாவின் குடும்பம் கிளிநொச்சிக்கு மேற்கேயுள்ள ஒரு கிராமத்திலிருந்து 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் புறப்பட்டு, பரந்தன், தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று நகர்ந்து, இறுதியில் செட்டிகுளத்து முகாமுக்குச் சென்று சேர்ந்தது வரையில் எல்லாவற்றையும் அவள் எழுதியிருந்தாள். ஒவ்வொரு பந்தியிலும் ஒரு ஊர் வந்தது, ஒவ்வோர் ஊரிலும் செல் (எறிகணை) விழுந்தது, ஒவ்வொரு செல்லிலும் யாரோ ஒருவர் இறந்தார். இறந்தவர்கள் யார், அவர்கள் அந்தக் குடும்பத்துக்கு என்ன வேண்டும் என்பது எங்கும் இல்லை. இந்தப் பிள்ளை போர் முடிந்த 2009 இற்குப் பின்னர் பிறந்தவள் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு இந்த ஊர்ப் பெயர்கள் தாயின் வாய்வழியாக, ஒரு மந்திரம் போல, வரிசை மாறாமல் வந்து சேர்ந்தவை. இன்று எழுதும் வன்னிப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் இந்த வரிசையையே கதைப்பின்னல் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அதில் அவர்கள் குற்றம் எதுவும் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவற்றைச் சொன்னால் அது கதையாகிவிடும் என்று வகுப்பறைகளில் நாம்தான் அவர்களை நம்பவைத்திருக்கிறோம்.

மூன்றாம் பக்கத்தின் நடுவில், இரண்டு இடப்பெயர்களுக்கு இடையில் நெருக்குண்டு, ஒரு வரி இருந்தது: “அம்மம்மா பசுவைக் கட்டிவைத்துவிட்டு வந்தார்.” நான் அந்த வரியின் கீழ் பென்சிலால் கோடிட்டு, “ஏன் கட்டினவ?” என்று கேட்டேன். பிள்ளைக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்த் தாயிடம் கேட்டுக்கொண்டு அடுத்த சனிக்கிழமை வந்தாள். அவள் கொண்டுவந்த விபரம் இதுதான். 1996 இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது இதே அம்மம்மா தன் பசுவை, பாவம் அது எங்காவது மேய்ந்து பிழைக்கட்டும் என்று, கயிற்றை அவிழ்த்து விட்டுவிட்டுப் புறப்பட்டிருக்கிறார். அது வண்டிக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் வந்து, பிறகு சனநெரிசலில் காணாமற் போய்விட்டது. ஒரு நாள் பிந்தி வந்த அயலவர், “கட்டையில் நின்றிருந்தால் நாங்கள் அவிழ்த்துக்கொண்டு வந்திருப்பமே” என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு பேச்சு அம்மம்மாவின் நெஞ்சில் பன்னிரண்டு வருடங்கள் இருந்திருக்கிறது. ஆகவேதான் 2008 இல், பசுவை நீளக் கயிற்றில் கிணற்றடியில் கட்டி, தொட்டி நிறையத் தண்ணீர் விட்டு, வைக்கோலை இழுத்துப் போட்டுவிட்டு, பின்னால் வருபவர்கள் கொண்டுவருவார்கள் என்ற நம்பிக்கையோடு புறப்பட்டிருக்கிறார். இம்முறை பின்னால் வருவதற்கு அந்த ஊரில் எவரும் இருக்கவில்லை.

பத்திரிகை ஆசிரியராகிய தங்களுக்கு இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை. அந்த ஆறு பக்கங்களில் ஒரு கதை இருந்ததென்றால், அது அந்த ஒரு வரிக்குள்தான் இருந்தது. ஆங்கில எழுத்தாளர் ஈ. எம். ஃபோஸ்டர் 1927 இல் வெளியான தமது நாவல் பற்றிய விரிவுரைகளில், அரசன் இறந்தான் பின்னர் அரசியும் இறந்தாள் என்பது வெறும் கதை என்றும், அரசன் இறந்தான், அந்தத் துயரத்தால் அரசியும் இறந்தாள் என்பதே கதைப்பின்னல் என்றும் வேறுபடுத்திக் காட்டினார். ‘பின்னர்’ என்ற சொல் இருந்த இடத்தில் ‘அதனால்’ என்ற சொல் வந்து உட்காரும்போதுதான் நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று பற்றிப் பிடித்துக்கொள்கின்றன. பின்னல் என்ற நமது சொல்லே இதைச் சொல்கிறது. கிடுகு பின்னுகிறவர் ஓலைகளை அடுக்கிவைப்பதில்லை, ஒன்றை மற்றதன் கீழாலும் மேலாலும் கொண்டுபோகிறார். அடுக்கிவைத்த ஓலையைத் தூக்கினால் கையோடு ஒன்றுதான் வரும், பின்னிய கிடுகைத் தூக்கினால் முழுவதும் வரும். 1996 இல் அவிழ்த்துவிட்டதனால் 2008 இல் கட்டினார் என்ற இந்த ஒரு தொடர்பு, ஊர்களின் வரிசை முழுவதும் சேர்ந்தும் தர முடியாத ஒன்றை அந்தப் பிள்ளையின் கதைக்குத் தந்துவிட்டது.

இது மேலைநாட்டாரிடமிருந்து நாம் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டிய செய்தியும் அல்ல. ஒவ்வொரு வைகாசியிலும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போய்வரும் எங்கள் சனங்கள் எல்லோருக்கும் கண்ணகியின் கதை தெரியும். அதில் எதுவும் தானாக வந்து விழுவதில்லை. மாதவியிடம் பொருளெல்லாம் இழந்ததனால் கோவலனுக்குச் சிலம்பைத் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை, மிஞ்சாததனால் அவன் அதை விற்க மதுரைக்கு வருகிறான், அரசியின் சிலம்பை முன்னரே திருடிவைத்திருந்ததனால் பொற்கொல்லனுக்குப் பழிசுமத்த ஓர் ஆள் வேண்டியிருக்கிறது, அரசியின் ஊடலைத் தீர்க்கும் அவசரத்தில் இருந்ததனால் பாண்டியன் விசாரிக்காமல் ஆணையிடுகிறான். ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு மனிதர் நிற்கிறார், அவர் தம் இயல்புக்கு ஏற்ப ஒன்றைச் செய்கிறார், அது அடுத்தவரைத் தள்ளுகிறது. அரசியின் சிலம்பிலுள்ள பரல் முத்து, கண்ணகியின் சிலம்பிலுள்ள பரல் மாணிக்கம் என்ற வேறுபாடு கதை தொடங்கும்போதே அந்தச் சிலம்புக்குள் மறைந்து கிடக்கிறது. இறுதியில் அது உடைபடும்போது புதிதாக எதுவும் வெளியிலிருந்து கொண்டுவரப்படுவதில்லை, முதலிலிருந்தே உள்ளே இருந்தது வெளியே தெறிக்கிறது. கதை முடிவு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு எங்கள் கையில் இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு உண்டா?

இப்போது அந்த மாணவியின் இரண்டாவது பிரதிக்கு வருகிறேன். அவள் ஊர்ப் பெயர்களில் இரண்டைத் தவிர மற்றவற்றையெல்லாம் நீக்கிவிட்டாள். நான் நீக்கச் சொல்லவில்லை, பசுவைப் பற்றி எழுதத் தொடங்கியதும் அவற்றுக்கு இடமில்லாமல் போயிற்று. கதையின் பெரும்பகுதி ஒரே ஒரு பிற்பகலில் நடக்கிறது. வாசலில் லாண்ட்மாஸ்ரர் என்ற சிறிய உழவு வண்டி இயந்திரத்தை நிறுத்தாமலே காத்து நிற்கிறது, மகள் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், அம்மம்மா கிணற்றடியில் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். கட்டுவதா, அவிழ்ப்பதா? “அவிழ்த்து விட்டிட்டு வாங்கோ அம்மா, அது எங்கையாவது போய்ப் பிழைக்கும்” என்கிறாள் மகள். “நீ பேசாமல் இரு. போனமுறை அப்பிடிச் செய்துதான் துலைச்சனான்” என்கிறார் தாய். பின்னர் அவர் முடிச்சைப் போட்டு, இழுத்துப் பார்த்து, மேலே இன்னொரு முடிச்சும் போடுகிறார். அந்த இரண்டாவது முடிச்சை வாசித்தபோது நான் கொப்பியை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் எழும்பி வெளியே போய் நின்றேன்.

கதையின் முடிவு முகாமில் நிகழ்கிறது. பசு என்னவாயிற்று என்று எந்த இடத்திலும் சொல்லப்படவில்லை. ஒரு மழைநாளில் காற்று அவர்களுடைய தறப்பாளைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது, பிள்ளைகள் நனைகிறார்கள். அம்மம்மா கட்டிய மூலைதான் அவிழ்ந்திருக்கிறது. போய்ப் பார்த்தால், முனையை இழுத்தவுடன் அவிழ்ந்துவிடும் முடிச்சைத்தான் அவர் போட்டிருக்கிறார். “ஒரு முடிச்சுப் போடவும் தெரியாதே அம்மா உங்களுக்கு?” என்று மகள் ஏசுகிறாள். அம்மம்மா ஒன்றும் சொல்லாமல் மற்ற மூலைகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கிறார். அவையும் அதே முடிச்சுகள். அத்துடன் கதை நிற்கிறது.

இந்த முடிவு எங்கிருந்து வந்தது என்று அவளிடம் கேட்டேன். தறப்பாள் பறந்தது தாய் வேறொரு நாளில், வேறொரு பேச்சின் நடுவில், சிரித்துக்கொண்டு சொன்ன சம்பவமாம். “அம்மா அதையும் இதையும் சேர்த்துச் சொல்லவேயில்லை ரீச்சர், நான்தான் சேர்த்தனான்” என்று, ஏதோ பிழை செய்துவிட்டவள் போலத் தயங்கிச் சொன்னாள். முப்பது வருடங்களுக்கு மேல் வகுப்பறைகளில் கதைப்பின்னலுக்கு வரைவிலக்கணம் சொல்லிக் கொடுத்த எனக்கு, அதை இவ்வளவு தெளிவாக ஒருவரும் சொல்லித்தரவில்லை. வாழ்க்கை இரண்டு சம்பவங்களையும் தனித்தனியே தந்தது. சேர்த்தவள் எழுதுகிறவள்.

இப்படிப்பட்ட ஒரு கதையில் உச்சக்கட்டம் இல்லை என்று நடுவர் எழுதியிருக்கிறார். அவரை நான் குறைகூறப் போவதில்லை, அவரும் நாம் எல்லோரும் படித்த பாடத்தைத்தான் படித்திருப்பார். கரும்பலகையில் ஒரு முக்கோணத்தை வரைந்து, ஏறும் பக்கத்தில் சிக்கல், உச்சியில் உச்சக்கட்டம், இறங்கும் பக்கத்தில் அவிழ்ப்பு என்று எழுதிக் கற்பித்த நாட்கள் எனக்கும் உண்டு. அந்த வடிவத்தை 1863 இல் ஜேர்மனியரான குஸ்தாவ் ஃபிறைற்றாக் என்பவர் நாடகம் பற்றிய தமது நூலில் வகுத்தார். பண்டைய கிரேக்க நாடகங்களையும் சேக்ஸ்பியரின் நாடகங்களையும் ஆராய்ந்து, ஐந்து பகுதிகளாக ஏறி இறங்கும் பெருநாடகத்துக்காக அவர் அதைச் சொன்னார். ஐந்து அங்க நாடகத்துக்கு அளவெடுத்த சட்டையை நான்கு பக்கச் சிறுகதைக்குப் போட்டுப் பார்த்து, பொருந்தவில்லை என்று கதையைக் குறைசொல்வது நியாயமல்ல. அமெரிக்க எழுத்தாளர் எட்கார் அலன் போ அதற்கும் முன்னரே, 1842 இல், ஒரே இருப்பில் வாசித்து முடிக்கும் கதை ஒரே மனப்பதிவை நோக்கி எழுதப்பட வேண்டும் என்று வலியுறுத்தினார். சிறுகதைக்குப் பொருந்துவது அதுவே என்பது என் கருத்து.

அப்படிப் பார்த்தால் இந்தக் கதையின் உச்சம் எங்கே என்பதில் ஐயம் வேண்டியதில்லை. இரண்டாவது முடிச்சு விழும் அந்தக் கணமே உச்சம். எங்கள் பிள்ளைகள், அவர்களுக்குக் கற்பிப்பவர்களும்கூட, உச்சக்கட்டம் என்றால் செல் விழ வேண்டும், யாராவது சாக வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். செல் விழுவது ஒரு பேரழிவு, ஆனால் விழுவதற்கும் விழாமல் விடுவதற்கும் கதையில் உள்ளவர்களுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுத்தே ஆக வேண்டிய நிலையில் ஒரு மனிதர் நின்று, தெரிந்தெடுத்து, அதன் பின் திரும்பிப் போக முடியாத இடத்துக்கு வந்துவிடுவதே உச்சம். அந்தத் தெரிவு ஒரு கயிற்று முடிச்சளவு சிறியதாக இருக்கலாம்.

போரின் கொடுமை போதியளவு வெளிப்படவில்லை என்ற இரண்டாவது குறிப்பே எனக்கு மிகவும் நோவைத் தந்தது, ஏனெனில் இது எங்களுக்கு நடந்தவற்றை மறைக்கச் சொல்லும் பேச்சாக எவருக்கும் பட்டுவிடக் கூடாது. ஒரு நண்பர், தானும் ஆசிரியராக இருந்தவர், என்னிடம் கேட்டார்: “நடந்ததெல்லாவற்றையும் பிள்ளைகள் எழுதினால்தானே வருங்காலம் அறியும்? நீங்கள் ஊர்களை வெட்டச் சொல்கிறீர்களே?” அவருடைய கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் சாட்சியம் ஒன்று, சிறுகதை வேறொன்று. சாட்சியம் சொல்பவர் திகதியை விடக் கூடாது, ஊரை விடக் கூடாது, எத்தனை பேர் என்பதை விடக் கூடாது. அதைச் சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு, அதைக் கேட்டுப் பதியும் கடமை உலகத்துக்கும் உண்டு. அந்தப் பிள்ளையிடம் முதற்பிரதியைக் கிழிக்க வேண்டாம், தாய் சொன்ன திகதிகளைச் சரிபார்த்து இன்னொரு கொப்பியில் அப்படியே எழுதிவை என்றுதான் சொன்னேன், அவளும் அப்படியே செய்திருக்கிறாள். சிறுகதையின் கடமையோ ஓர் ஆளுக்குள் போவது. ஆயிரம் பேர் நடந்த வீதியில் ஒருத்தி ஏன் இரண்டாவது முடிச்சைப் போட்டாள் என்று அறிந்துகொள்ளும் வாசகர், அந்த வீதியில் நடந்த எல்லோரும் அப்படி ஒவ்வொரு முடிச்சோடுதான் நடந்திருப்பார்கள் என்று தாமாகவே உணர்ந்துகொள்வார். கொடுமை என்ற சொல் அந்தக் கதையில் ஓரிடத்திலும் இல்லை, அது இல்லாததுதான் அதன் வலிமை.

பாத்திரப் படைப்பைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். பிள்ளைகள் பாத்திரத்தை அறிமுகம் செய்யும்போது வயது, நிறம், தொழில், குணம் என்று அடையாள அட்டை எழுதுவது போல எழுதுகிறார்கள். “அன்பும் பண்பும் நிறைந்த ஐம்பது வயதுப் பெண்மணி” என்று தொடங்காத கதையை என் வகுப்பில் காண்பது அரிது. அப்படி எழுதப்பட்ட பெண்மணியை அடுத்த பக்கத்தில் எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. வற்றாப்பளை அம்மனின் ஐதிகத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களிடம் ஒரு கிழவி வருகிறாள். அவள் தன்னைத் தெய்வம் என்று சொல்வதில்லை. பசிக்கிறது என்கிறாள், விளக்கேற்ற எண்ணெய் இல்லாதபோது கடல்நீரை விட்டு ஏற்றச் சொல்கிறாள், பிறகு தலை கடிக்கிறது, பேன் பார்த்துவிடுங்கள் பிள்ளைகளே என்கிறாள். பேன் பார்க்கத் தலைமயிரை விலக்கிய சிறுவர்கள் கண்டது ஆயிரம் கண்கள். சிறுவயதில் எனக்கு இக்கதையைச் சொன்ன பாட்டி, பேன் பார்க்கும் இடத்துக்கு வந்ததும் என் தலையிலும் விரலை வைத்துவிடுவார். கடல்நீரில் எரிந்த விளக்கு அவளை அம்மனாக்குகிறது, பேன் பார்க்கச் சொன்னதோ அவளை எங்கள் வீட்டுத் திண்ணையில் இருத்திவிடுகிறது. ஒரு பாத்திரம் உயிர்பெறுவதற்கு அதன் குணங்களின் பட்டியல் தேவையில்லை, அது வேண்டிக் கேட்கும் ஒரு சின்னப் பொருள் அல்லது செய்யும் ஒரு சின்னச் செய்கை போதும்.

எங்கள் மாணவர் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் இன்னொரு பாத்திரம் குடிகாரத் தந்தை. எல்லாக் கதைகளிலும் அவர் தள்ளாடி வருகிறார், மனைவியை அடிக்கிறார், சாப்பாட்டுக் கோப்பையை எறிகிறார், கடைசியில் திருந்துகிறார் அல்லது சாகிறார். அப்படியான தந்தையர் இல்லை என்று சொல்ல நான் வரவில்லை, அவர்களை நானும் அறிவேன். ஆனால் ஒரு சிறுவன் ஒருமுறை, தன் கதையில் வரும் தந்தை மாலையில் குடிக்கப் போவதற்கு முன்னர், மகள் காலையில் பாடசாலைக்குப் போவதற்காக அவளுடைய சைக்கிளுக்குத் தவறாமல் காற்றடித்து, பெருவிரலால் ரயரை அமத்திப் பார்த்து வைத்துவிட்டுப் போவார் என்று எழுதியிருந்தான். அதுவரை வெறும் குடிகாரனாக இருந்தவர் அந்த இடத்தில் ஒரு மனிதராக எழுந்து நின்றுவிட்டார். அவரை மன்னிக்கச் சொல்லிக் கதை கேட்கவில்லை, அவரை முழுவதாகப் பார்க்கச் சொல்லிற்று. ஒரே குணத்தால் ஆன தட்டையான பாத்திரத்துக்கும், நம்மை வியக்கவைத்து அதே வேளையில் நம்பவும் வைக்கும் முழுமையான பாத்திரத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஃபோஸ்டரும் இதே விரிவுரைகளில் பேசியிருக்கிறார். பிள்ளைகளிடம் அந்தச் சொற்களைச் சொல்வதைவிட, சைக்கிளுக்குக் காற்றடித்ததைச் சொன்னால் உடனே விளங்கிக்கொள்கிறார்கள்.

உரையாடல் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டில் “எங்கை போறியள்?” என்று கேட்கும் பிள்ளை, கதை எழுதும்போது மட்டும் தன் பாத்திரங்களைப் பாடநூல் போலவோ தொலைக்காட்சித் தொடர் போலவோ பேசவைக்கிறது. கதையைச் சொல்லும் நடை செந்தமிழாக இருக்கட்டும், அது நல்லது. ஆனால் கிணற்றடியில் நிற்கும் அம்மம்மா தன் மொழியில்தான் பேச வேண்டும், இல்லாவிட்டால் அவர் அந்தக் கிணற்றடியைச் சேர்ந்தவரே அல்ல. நோக்குநிலையும் அப்படித்தான். 1915 இல் வெளிவந்து, தமிழ்ச் சிறுகதையின் தொடக்கங்களுள் ஒன்றாகப் பேசப்படும் வ. வே. சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ ஒரு மரம் சொல்வதாக அமைந்த கதை. குளக்கரையில் நின்று தான் கண்டதையும் கேட்டதையும் மரம் சொல்கிறது, அந்த எல்லையே கதைக்கு ஓர் உறுதியைத் தருகிறது. எங்கள் பிள்ளைகளோ ஒரே பந்தியில் தாயின் மனதுக்குள்ளும், படையினரின் மனதுக்குள்ளும், கடவுளின் மனதுக்குள்ளும் போய்வருகிறார்கள். இந்த மாணவி தன் கதையை லாண்ட்மாஸ்ரரில் ஏறி இருந்து கிணற்றடியைப் பார்த்துக்கொண்டிருக்கும் மகளின் கண்ணால் சொன்னாள், அம்மம்மாவின் மனதுக்குள் ஒருமுறையும் போகவில்லை. அதனால்தான் இறுதியில் அந்தத் தறப்பாள் முடிச்சுகளைக் காணும்போது மகள் அறியாததை வாசகர் அறிந்துகொள்கிறார்.

களம் பற்றி நமது இலக்கணம் சொல்லியிருப்பதையும் நாம் மறந்துவிட்டோம். நிலமும் பொழுதும் முதற்பொருள், அந்நிலத்துக்குரிய மரமும் விலங்கும் தொழிலும் கருப்பொருள், அங்கு வாழ்வோரின் ஒழுக்கம் உரிப்பொருள் என்று தொல்காப்பியம் வகுத்தது. இவை மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தியே இருக்கும், களம் என்பது கதைக்குப் பின்னால் தொங்கவிடும் திரைச்சீலை அல்ல. முல்லை காடும் காடு சார்ந்த இடமும், அதன் பெரும்பொழுது கார்காலம், சிறுபொழுது மாலை, ஆநிரை அதன் கருப்பொருள், காத்திருத்தல் அதன் உரிப்பொருள். மழை தொடங்கும் காலத்தில், பொழுதுபடும் நேரத்தில், பசுவோடு நின்ற ஒரு கிழவியின் கதையை அந்தப் பிள்ளை முல்லைத் திணையைப் படித்துவிட்டு எழுதவில்லை. எங்கள் நிலம் அதுவாக இருப்பதனால் அது தானாகவே அவள் கைக்கு வந்தது. வன்னியில் கதை எழுதுகிறவர்கள் பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் காட்டையும், குளத்தையும், மாட்டுப் பட்டியையும் அழகுக்காக வர்ணிக்க வேண்டாம், அவை கதைக்குள் ஒரு வேலை செய்யட்டும். வாசிகசாலைக்கு வரும் இன்னொரு பையன், சிறுபோகத்தில் முறைத் தண்ணீருக்காக இரவு வாய்க்காலில் காவல் நிற்கும் ஒருவன், தன் தமையனின் வயலுக்குப் போகும் மடையை அடைப்பதா விடுவதா என்று மண்வெட்டியோடு நிற்கும் கதையை எழுதிக்கொண்டிருக்கிறான். இன்னும் முடிக்கவில்லை. ஆனால் அந்த வாய்க்காலை எடுத்துவிட்டால் அந்தக் கதையில் எதுவும் மிஞ்சாது என்பதிலிருந்தே அவன் சரியான பாதையில் போகிறான் என்று எனக்குத் தெரிகிறது.

மூன்றாவது குறிப்பாகிய படிப்பினை பற்றி நான் நீட்டி எழுதவில்லை. படிப்பினையைக் கடைசி வரியில் எழுதச் சொல்லும் வழக்கத்தை மாணவர் போட்டிகளை நடத்துவோர் கைவிட வேண்டும் என்று மட்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்களிடம் எனக்குள்ள வேண்டுகோள் இரண்டு. மாணவர் பக்கத்தில் கதைகளுக்கு இப்போது கொடுக்கப்படும் இடம் மிகக் குறைவு. நான்கு சிறிய கதைகளை நெருக்கிப் போடுவதற்குப் பதிலாக, மாதத்தில் ஒருமுறையாவது ஒரே ஒரு கதையை முழுமையாகப் பிரசுரித்து, அதை எழுதிய பிள்ளையின் முதற்பிரதியிலிருந்து ஒரு பந்தியையும் பக்கத்தில் போட்டு, எது ஏன் மாறியது என்று ஓர் ஆசிரியரோ எழுத்தாளரோ சில வரிகள் எழுத இடம் தருவீர்களாயின், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மன்னாரிலும் கதை எழுதிப் பார்க்கும் பிள்ளைகளுக்கு அது ஒரு வகுப்பறையாகவே அமையும். அதற்கு வேண்டிய உதவியைச் சம்பளம் எதுவும் இல்லாமல் செய்துதர நானும் என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இரண்டாவது வேண்டுகோள் இந்தக் கதை பற்றியது. மாணவியினதும் அவளுடைய தாயாரினதும் சம்மதத்துடன் அதன் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஊரின் பெயரையும் குடும்பத்தின் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். தங்களுக்கு அது பிரசுரத்துக்கு ஏற்றதாகத் தோன்றுமாயின், எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளலாம், நீளம் கூடினால் முகாமை வர்ணிக்கும் பந்தியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று அவளே சொல்லியிருக்கிறாள். கிணற்றடியில் விழும் இரண்டாவது முடிச்சையும், மற்ற மூலைகளைப் பார்க்கப் போகும் கடைசி வரியையும் மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லிவிடும்படி இரண்டு தடவைகள் என்னிடம் கேட்டுக்கொண்டாள்.

இங்ஙனம்,
ஓய்வுநிலைத் தமிழாசிரியை,
ஒட்டுசுட்டான்.